வால் வண்டிக்காரன்

"வண்டிய அடிக்கடி எடுப்பீங்களா, இல்ல நிறுத்தியே வெக்கப் போறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

பைக்குக்குப் போர்த்துகிற கவர் வாங்க வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் வாலுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வால் என்பது பட்டப்பெயர். ஆள் முப்பத்தெட்டு வயது, சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறான். வருஷத்துக்கு ஒருமுறை ஆறு நண்பர்கள் ஆறு வண்டிகளில் நெடும்பயணம் கிளம்புவார்கள். முன்னால் போகிறவன் தலை, கடைசியில் வருகிறவன் வால். வாலுக்கு ஒரே ஒரு சட்டம். எவனையும் முந்தக் கூடாது. முன்னால் ஒருத்தன் நின்றால் வாலும் நிற்க வேண்டும்.

பத்து வருஷமாக அந்தப் பொறுப்பு இவனுடையது. கேட்டு வாங்கிக்கொண்டது.

கடைக்காரர் மேசையில் இரண்டு கவர்களைப் போட்டார். ஒன்று மெல்லியது, மடித்தால் கைக்குள் அடங்கும், பயணம் போகிறவர்களுக்கு. மற்றது தடிமன், உள்ளே பஞ்சுத்துணி, காற்றுப் போக ஓட்டைகள். மாசக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு.

கூட வந்திருந்தவள் அந்த ஆறு பேரில் ஒருவனான மெக்கானிக்கின் மனைவி. இரண்டையும் உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தாள். அவள் தையல்கடைக்காரி. எலாஸ்டிக்கை அவள் இழுத்துப் பார்த்த வேகத்தில் கடைக்காரர் ஓர் அடி பின்னால் போனார்.

துணி அவளுக்குத் தெரியும். வண்டி தெரியாது. முன்கண்ணாடி எவ்வளவு உயரம், இரண்டு பக்கப் பெட்டிகளோடு சேர்த்து எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இவனுக்குத்தான் தெரியும் என்று கையோடு அழைத்து வந்திருந்தாள்.

"அளவு அண்ணனக் கேளுங்க. கூடப் பொறந்தவங்க கூட இப்படி ஓடி ஓடிப் பாக்க மாட்டாங்க" என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னாள்.

வாலுக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமாக அவள் அண்ணா அண்ணா என்று கூப்பிடும்போதெல்லாம் இதே சுருக்கு.

மூன்று வாரத்துக்கு முன், மலைச்சாலையில், மழையில், ஐந்தாவதாகப் போய்க்கொண்டிருந்தவன் அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து, கால் அடியில் மாட்டிக்கொண்டது. நாற்பது நிமிஷம் அப்படியே கிடந்தான். உடனே எடுத்திருந்தால் முழங்கால் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். இனி அது மடங்காது.

பின்னாலேயே வர வேண்டிய வால் எங்கே போனான்?

முந்திப் போய்விட்டான். எதற்கென்று கேட்டால் காறித் துப்புவீர்கள். அன்றைக்குத் தங்கப்போன விடுதியில் சுடுதண்ணீர் முதலில் வருகிற நாலு பேருக்குத்தான். விரல் விறைத்துப்போயிருந்தது. ஒருநாள் முந்தினால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தான். நண்பன் பள்ளத்தில் கிடந்தபோது இவன் ஆவி பறக்கத் தலையில் ஊற்றிக்கொண்டு பாட்டு வேறு முணுமுணுத்தான்.

வால் எப்படி முன்னால் வந்தது என்று மற்றவர்கள் கேட்டார்கள். மூடுபனியில் தெரியாமல் தாண்டிவிட்டேன் என்றான். வாய் கூசாமல் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். மெக்கானிக்குக்குத் தலையிலும் அடி. அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது என்று இவனே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தான்.

தினமும் பழமும் கையுமாகப் போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தான். மெக்கானிக் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜன்னல் வழியாக வாசலைப் பார்ப்பான். "வண்டி நனையுதுடா" என்பான். அவ்வளவுதான்.

அதற்காகத்தான் இந்தக் கவர்.

வால் மெல்லிய கவரை எடுத்தான். "இது போதும்மா. ரெண்டே மாசத்துல எழுந்து ஓட்ட ஆரம்பிச்சிடுவான், பாரேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவளுக்கும் டாக்டர் சொன்னது தெரியும், இவனுக்கும் தெரியும். கையிலிருந்த கவரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நீங்க சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்லன்னு அண்ணி சொன்னாங்க. எதுக்குண்ணா? உங்க மேல என்ன தப்பு? அவருக்கு டயர்ல காத்து எறங்கின மாதிரி இருந்துச்சாம், ஓரங்கட்டப் போனாராம். நீ போன்னு அவரேதான் உங்களுக்குக் கை காட்டினாராமே? பனியில உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நேத்துதான் சொன்னாரு. உங்ககிட்டயும் சொல்லச் சொன்னாரு."

அப்படியானால் அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. ஞாபகத்தோடுதான் இவன் உரித்துக்கொடுத்த பழத்தை வாங்கி வாங்கித் தின்றிருக்கிறான்.

வாலுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

தலையை ஆட்டினால் போதும், முடிந்தது. இதற்குள் கடைக்காரரே உச்சுக்கொட்டி, அவனுக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வால் மெல்லிய கவரை மடித்துத் திரும்ப வைத்தான். தடிமனானதை அவள் பக்கம் நகர்த்தினான்.

"கை காட்டினான்மா" என்றான். "போகச் சொல்லி இல்ல. நிக்கச் சொல்லி. நான் பாத்தேன்."