ஏழாவது பட்டன்

"ஊரைத் தேர்ந்தெடுத்ததும் ஸ்க்ரீன்ல ஒரு பெட்டி திறக்கும். அது ஒண்ணும் சொல்லாது. நீ பயப்படாத," என்றாள் அவள் போனில்.

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அது ஒன்றும் சொல்லாது.

அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில், மரியபுஷ்பம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

இன்று மரியபுஷ்பம் தனக்குக் கிடைத்த அரசு வேலைக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையதளத்தில். அவளுக்கு ஐந்து நிமிடம். அதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மிச்சம் கிடக்கும் ஊர்தான் மரியபுஷ்பத்துக்கு.

திருநெல்வேலியில் ஒரே ஓர் இடம் இருந்தது.

மற்றதெல்லாம் ஓசூர்ப் பக்கம்.

ஓசூர் என்றால், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளை விடுதியில் விட வேண்டும். விடுதி என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும்.

தளத்தைக் கட்டியது, போனில் வழி சொல்லும் அவள் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனி. பார்வையில்லாதவர்களால் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்த்துச் சொல்வதற்கே அவளுக்குச் சம்பளம். முதல் வாரமே எழுதிக் கொடுத்தாள். பெட்டி திறப்பதை, திரையை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் சொல்வதில்லை. பட்டன் எதற்கும் பெயரில்லை, எல்லாவற்றையும் 'பட்டன்' என்றே வாசிக்கிறது. நேரம் தீர்ந்தால்கூடச் சத்தமில்லை.

அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஆபீசில் குப்பைத்தொட்டிக்கு அதுதான் பெயர்.

காலியிடக் கணக்கு மாறினால் தளம் தானாகச் சொல்லும், இடம் உறுதியானால் ஓர் எண்ணையும் வாசிக்கும். அந்த இரண்டை மட்டும் சரிசெய்துவிட்டு கேக் வெட்டினார்கள்.

அவள் திரும்பத் திரும்பச் சோதித்தாள். நாற்பது தடவை. விரலுக்குப் பழகிவிட்டது. ஏழு முறை டேப் தட்டினால் உறுதி செய்யும் பட்டன், பிறகு ஒரு என்டர். சொந்த வீட்டுப் படியை யார் எண்ணிக்கொண்டு ஏறுகிறார்கள்? நாற்பத்தோராவது தடவை எங்கும் தடுக்கவில்லை. தளம் நன்றாகிவிட்டது என்றே நம்பினாள். நம்பித்தான், 'தடையின்றிப் பயன்படுத்தலாம்' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"டேப் அமுக்கு. நான் எண்ணுறேன்."

பட்டன், என்றது அங்கே லேப்டாப்பின் குரல்.

பட்டன்.

பட்டன்.

ஏழு வந்தது.

"என்டர்."

ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமே இல்லியேட்டி."

"இன்னிக்கு கூட்டம் ஜாஸ்தி. மெதுவா வரும். எதையும் தொடாத."

மரியபுஷ்பம் தொடவில்லை. விடுதிக் காலத்திலிருந்தே இவள் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

ஒரு நிமிடம் போயிற்று. இன்னொன்றும், அதற்கடுத்ததும் போயின.

பக்கத்து இருக்கையில் சத்தியசீலன். அந்தப் பெட்டியை எழுதியவன். அவன் பக்கம் திரும்பிச் சும்மாதான் கேட்டாள்.

"உறுதி செய்யற பட்டன் ஏழாவதுதானே சீலன்?"

"இருந்துச்சு. காலைல பெட்டிக்கு மேல பொங்கல் வாழ்த்து ஒண்ணு ஒட்டச் சொன்னாங்க. அதை மூடறதுக்கு ஒரு பட்டன் வெச்சேன்." அவன் திரையைப் பார்த்து எண்ணினான். "இப்ப எட்டு. ஏழாவது ரத்து பட்டன். ஏன் மேடம்?"

அவள் போன் பக்கம் திரும்பினாள்.

"புஷ்பம், திரும்ப ஊர் லிஸ்டுக்குப் போ. சீக்கிரம்..."

அதற்குள் அங்கே குரல் வாசித்தது.

திருநெல்வேலி. காலியிடம் பூஜ்யம்.

"பூஜ்யம்னு சொல்லுதுட்டீ! எனக்குக் கெடச்சிட்டு!"

கிடைத்திருந்தால் பூஜ்யத்தோடு நின்றிருக்காது. உறுதி எண் ஒன்றை வாசித்திருக்கும், இரண்டு முறை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். எண் வரவில்லை. ஐந்து நிமிடம் சத்தமின்றித் தீர்ந்து, அடுத்த ஆள் எடுத்துவிட்டார்.

மரியபுஷ்பம் அழுதுகொண்டே சிரித்தாள். "ஏ பாப்பா, இங்க வா! நாம எங்கயும் போவாண்டாம். இந்தா, சித்திக்குத் தேங்க்ஸ் சொல்லு."

ஓடிவரும் கால் சத்தம். போன் கைமாறியது.

"தேங்க்ஸ் சித்தி."

"அம்மாகிட்ட போனைக் குடும்மா," என்றாள் அவள். அதைச் சொல்ல இரண்டு தடவை வாயைத் திறக்க வேண்டியிருந்தது.