சாண்ட்விச் துரை

அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. ஈஸ்வரி ஒரு காலை இன்னொரு காலின்மேல் அழுத்திக்கொண்டு பிளேடை ஓட்டினாள்.

ஷிஃப்ட் தொடங்கியதிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டு மணி அடித்தால் ரப்பரைக் கொண்டுவரும் பெல்ட் நிற்கும். பெல்ட் நின்றால் பாத்ரூம் போகலாம். தேர்வாய் கண்டிகையில் உள்ள இந்த ரப்பர் கம்பெனிக்கு வந்த பிறகு உடம்பே அந்த மணிக்குப் பழகிவிட்டது.

இன்றைக்கு மணி அடிக்கவில்லை.

கார் கம்பெனி ஆட்கள் பார்க்க வருகிறார்களாம். வரும்போது பெல்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். கார் கதவு ரப்பரில் பிசிறு வெட்டுகிற ஒருத்தியும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று சூப்பர்வைசர் காலையிலேயே கத்திவிட்டுப் போயிருந்தார்.

மணிக்குப் பதிலாக ஸ்ரீவிஷ்ணு வந்தான். எச்.ஆர். ஆபீசர், திருவள்ளூர்க்காரன், நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. ஆளுக்கொரு பொட்டலமாக வைத்துக்கொண்டே வந்தான். இரண்டு ரொட்டித் துண்டு, நடுவில் வெள்ளரிக்காய்.

“ஒரு கையால வேலை பாத்துக்கிட்டே சாப்பிடலாம்க்கா. இதுக்கு ஏன் சாண்ட்விச்னு பேரு வந்துச்சு தெரியுமா?”

அவனே சொன்னான்.

இங்கிலாந்தில் சாண்ட்விச் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரில் பட்டம் வாங்கிய துரை ஒருவருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். ஆட்டம் சூடுபிடித்தால் சாப்பிட எழுந்து போக மனசே வராது. கறியை ரொட்டிக்கு நடுவில் வைத்து ஆடுகிற இடத்துக்கே கொண்டுவரச் சொல்வாராம். கூட ஆடியவர்களும் சாண்ட்விச் துரைக்குக் கொடுத்த மாதிரி எனக்கும் கொடு என்று கேட்கப்போய், அதுவே பேராக நின்றுவிட்டதாம்.

ஈஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் எழுந்திருக்கவில்லை என்றால் அது அவன் கொழுப்பு. இங்கே யார் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள்?

பக்கத்தில் நின்ற கெங்கம்மாள், ஐம்பதைத் தாண்டியவள், வெட்டுகிற ரப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“ஏன் நைனா, அந்தத் தொர ஒண்ணுக்கு வந்தாகூட எய்ந்து போவலியா?”

வரிசை மொத்தமும் சிரித்தது. கெங்கம்மாள் சிரிக்கவில்லை.

ஸ்ரீவிஷ்ணுவுக்குக் காது சிவந்துவிட்டது. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“அவங்க இன்னும் ஆபீஸ்லதான் இருக்காங்க. யாராச்சும் ஒருத்தர் போய்ட்டு வாங்க, நான் நிக்கிறேன். ஒருத்தர்தான்.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஈஸ்வரி பிளேடை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

திரும்பி வரும்போது உடம்பே லேசாகியிருந்தது. வாசலில் சூப்பர்வைசர் வெள்ளை ஹெல்மெட்டுக்காரர்களை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவிஷ்ணு பிளேடைக் கொடுத்துவிட்டு அவர்களை நோக்கி விரைந்தான்.

கெங்கம்மாளின் காலடியில் தரை ஈரமாக இருந்தது. புடவை ஓரமும் நனைந்திருந்தது.

“தண்ணி பாட்டுலு கொட்டிக்கிச்சு” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

பாட்டில் அங்கேதான் சாய்ந்து கிடந்தது. அதன் மூடி திறக்கப்படவே இல்லை. உள்ளே தண்ணீர் முழுசாக இருந்தது.

சூப்பர்வைசர் வந்தவர்களோடு வரிசையை நெருங்கிக்கொண்டிருந்தார். ஈஸ்வரி சட்டென்று குனிந்தாள். மூடியைத் திருகி, மொத்தத் தண்ணீரையும் கெங்கம்மாளின் காலடியிலேயே கவிழ்த்தாள்.

“நான்தான் சார் தட்டி உட்டுட்டேன்!”

“கண்ணு இன்னா பொடனிலயா கீது உனக்கு?” என்று பல்லைக் கடித்தார் சூப்பர்வைசர். பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மணி அடிக்கும்வரை தாங்காத நாளுக்கென்று பெல்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி போய்வரும்வரை பக்கத்தில் இருப்பவள் இரண்டு பேர் ரப்பரையும் வெட்டுவாள். அடுத்த முறை போவது அவள்தான்.

நேற்று ஈஸ்வரி போய்வரும்வரை அவளுக்கும் சேர்த்து வெட்டியது கெங்கம்மாள்.

இன்றைய முறை கெங்கம்மாளுடையது. அதைத்தான் ஈஸ்வரி எடுத்துக்கொண்டு ஓடியிருந்தாள்.