மூன்று முதல் நாலரை வரை

"பேப்பரில் நம் வாழ்த்து எங்கே?"

காலையிலேயே மேசையைக் குத்தினார் மேனேஜர் ஹத்தாத். லெபனான்காரர். பதினைந்து வருட உள்நாட்டுச் சண்டை இனி ஓயும் என்ற நம்பிக்கையோடு அவர் ஊருக்குப் புது ஜனாதிபதி வந்து பதினேழு நாள். இன்று அங்கே சுதந்திர தினம். தோஹாவிலுள்ள லெபனான் கம்பெனிகள் எல்லாம் ஜனாதிபதி படத்தோடு வாழ்த்துப் போட்டிருந்தன, இவருடையதைத் தவிர.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் டைப்பிஸ்ட் அரியரத்தினம்.

"நேற்றுச் செவ்வாய்க்கிழமை, சேர். மூண்டிலயிருந்து நாலரை மட்டும் ராகுகாலம். நல்ல காரியம் ஒண்டும் செய்யக் கூடாது. அது முடிஞ்சு போனன், பேப்பர்க் கந்தோரில விளம்பரக் கவுண்டரைப் பூட்டிப்போட்டாங்கள்."

"கலாஸ்! முடிந்தது! சாயங்காலம் வா. உன் விசா கேன்சல்."

சாயங்காலம் போனால் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பெய்ரூட்டில் குண்டு வெடித்து ஜனாதிபதி கொல்லப்பட்டுவிட்டார். மற்றவர்கள் போட்ட வாழ்த்துகள் எல்லாம் மேசைமேல் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தன.

கண் சிவந்திருந்த ஹத்தாத் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். கேன்சல் கடிதம்தான் என்று அரியரத்தினம் கையை நீட்டினார். வந்தது விமான டிக்கெட்.

"சண்டை முடிந்தது என்று ஊருக்குத் திரும்ப வாங்கினேன். உன்னுடைய அந்த ராகுகாலத்தைப் பார்த்துச் சொல்லு. நான் எப்போது போனால் நல்லது?"

அரியரத்தினம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது தெரிஞ்சா, சேர், ஆறு வருஷமா யாழ்ப்பாணம் போகாமல் நான் ஏன் இஞ்ச இருக்கிறன்?"