நான்காவது வில்லை

கீழ்பென்னாத்தூர் அன்புச்செல்வியின் குறைமாதக் குழந்தைக்குக் காய்ச்சல் விடவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் வளர்ந்தது ஈஸ்ட் என்ற பூஞ்சை. திருவண்ணாமலை ஆஸ்பத்திரியின் லேப் டாக்டர் கவிநிலா அதுவரை புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த வகை. எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறிய, அதை வளர்ப்புத் தட்டில் பரப்பி, கைவசம் இருந்த, மருந்து தோய்த்த மூன்று சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, லேபைப் பூட்டிவிட்டுப் போனாள்.

காலையில் தட்டில் நான்கு வில்லைகள் இருந்தன. மூன்றைச் சுற்றியும் ஈஸ்ட் ஒட்டி வளர்ந்திருந்தது. நான்காவதைச் சுற்றி மட்டும் ஈஸ்ட் செத்துப்போன சுத்தமான வட்டம். அந்த வில்லையில் காஸ்போஃபங்கின் என்ற பூஞ்சை மருந்துக்கான எழுத்துகள். அதை லேபில் வாங்கியதே இல்லை.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

"இல்லைங்க மேடம். சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு," என்றார் டெக்னீஷியன் காசி.

கவிநிலா குழந்தை டாக்டர் வளவனுக்குப் போன் செய்தாள். "காஸ்போஃபங்கினுக்கு அடங்குது சார். உடனே ஆரம்பிங்க. எப்படின்னு அப்புறம் சொல்றேன்."

பௌர்ணமிக் கூட்டத்தைத் தாண்டி வேலூரிலிருந்து மருந்து வந்து சேர்ந்தது. காய்ச்சல் மெல்ல இறங்கியது. குழந்தை பால் குடித்தது.

"பொழைச்சுக்கிச்சுங்க," என்று அன்புச்செல்வி தன் கையைப் பிடித்து அழுதபோதுதான் கவிநிலாவுக்கும் மூச்சு வந்தது.

அன்று மாலை தட்டை எடுத்துப் பார்த்தாள். வில்லைகள் மூன்றுதான் இருந்தன. நான்காவது இருந்த இடத்தில் அந்த வட்டம் மட்டும், ஈஸ்ட் அண்டாமல், அப்படியே இருந்தது.