அரசியின் மூச்சு

கடைசிக் காட்சியில் பொம்மை அரசி சாக வேண்டும். "அத வெட்டிரலாம் சேந்தா. மங்கை போயி நாப்பது நாள்கூட ஆகல" என்றார் இயக்குநர் அருளப்பன். வேண்டாம் என்றேன். "பிடிவாதத்துல உனக்கும் அவளுக்கும் போட்டிப்பா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் நாடகத்தில் ஆட்டுபவர்கள் திரைக்குப் பின்னால் ஒளிவதில்லை, மேடையிலேயே பொம்மையைக் கையில் பிடித்திருப்போம். ஆறு வருடங்களாக அரசியின் தலையும் வலது கையும் என் பொறுப்பு. இடது கை என் மனைவி மங்கையுடையதாக இருந்தது. இப்போது அதை ஹெலன் பிடிக்கிறாள். பொம்மைக்கு உயிர் அசைவில் இல்லை, மூச்சில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து மூச்சிழுத்தால் எங்கள் கைகளோடு அதன் நெஞ்சும் ஏறும். நிறுத்தினால் அது செத்துவிடும். பிறகு நான் தலையிலிருந்து கையை எடுப்பேன், விளக்கு அணையும்.

"இன்னைக்கு எல்லாரும் உங்க மூஞ்சியத்தான் பாப்பாங்கண்ணா" என்றாள் ஹெலன்.

"நாம எதப் பாக்குறமோ அதத்தான் அவங்களும் பாப்பாங்க. நீ அரசியவே பாரு."

அப்படியே நடந்தது. துக்கம் விசாரிக்கும் கண்களோடு வந்தவர்கள் இரண்டே நிமிடத்தில் என்னை மறந்தார்கள். கடைசியில் அரசி என் மடியில் சாய்ந்தாள். மூச்சைக் குறைத்தோம், நிறுத்தினோம். முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தேன். கையை எடுப்பதுதான் பாக்கி.

"எடுங்கண்ணா" என்றாள் ஹெலன், உதடு அசையாமல்.

நான் மூச்சிழுத்தேன். அரசியின் நெஞ்சு லேசாக ஏறியது. ஹெலன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அரசியையே பார்த்தபடி அவளும் மூச்சிழுத்தாள். இடது கை விரல்கள் மெல்ல விரிந்தன. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.