மாடு எப்படிக் கத்தும்?

"பாப்பா, இந்தப் பென்சில் என்ன கலர்?"

பாப்பா பதில் சொல்லவில்லை. ஜன்னல் வெயிலில் மிதந்த தூசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி தூக்கக் கலக்கத்தில் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர் சிவப்புப் பென்சிலை மேஜையில் வைத்தார். எதிரே, ஒரு நாற்காலி இடைவெளி விட்டு அம்மாவும் அப்பாவும். விவாகரத்துக்கு இருவரும் சம்மதித்தாயிற்று. குழந்தை யாரிடம் என்பதுதான் பாக்கி. குழந்தையின் வாயாலேயே கேட்டுவிடலாம், என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறோம் என்று இருவரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கேட்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"சரி, பூனை எப்படிக் கத்தும்?"

"சிவப்பு," என்றாள் பாப்பா.

"உனக்கு எத்தனை வயசு?"

"மியாவ்."

அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா மேடம்? மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலை. இப்பத் திறந்தா இப்படி. எல்லாம் இவ வளர்ப்பு!"

"வளர்ப்பைப் பத்தி நீங்க பேசாதீங்க. நீங்க வீட்ல இருந்த நாளை விரல் விட்டு எண்ணிடலாம்."

"உழைக்கிறவன் வெளியதான் இருப்பான். உன்னை மாதிரி நாள் பூரா பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டுக் கனவு காண முடியுமா?"

கனவு மாதிரிதான் இருந்தன அந்த நாட்கள். திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் அம்மா மகளோடு பாயில் கிடப்பாள். எதையாவது கேட்டுவிட்டு, தண்ணீரில் போட்ட கல் அடியைத் தொடக் காத்திருப்பவள்போல் அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பாயில் தனியாகப் படுப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"சண்டையை வெளிய போய் வெச்சுக்குங்க," என்றார் ஆலோசகர். "நான் விஷயத்துக்கு வர்றேன்."

"மேடம்..." அம்மா குறுக்கிட்டாள். "அதுக்கு முன்னாடி மாடு எப்படிக் கத்தும்னு ஒண்ணே ஒண்ணு கேட்டுடுங்க. மாடுன்னா அவளுக்கு உசிரு. கொஞ்சம் கலகலப்பாயிடுவா."

"கேளுங்க கேளுங்க. அப்படியே மாட்டையும் சாட்சிக்குக் கூப்பிடுங்க!" என்றார் அப்பா.

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பாப்பா, மாடு எப்படிக் கத்தும்?"

"மூணு."

"ரொம்பச் சரி." பெருமூச்சு விட்டுவிட்டு, குனிந்து பாப்பாவின் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தார். "இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லணும். நீ இனிமே யார்கிட்ட இருக்கப் போற?"

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பாப்பா தூசியிலிருந்து கண்ணை எடுத்தாள். "அம்மா."

அப்பாவின் வீறாப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெல்ல உட்கார்ந்தார். "அவளே சொல்லிட்டா. அப்புறம் என்ன, எழுதிக்குங்க," என்றார்.

ஆலோசகர் எழுதி முடித்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்தார். "சமத்து! பட்டுன்னு சொல்லிட்டியே. இந்த மிட்டாய் யாருக்கு?"

"அப்பா."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காடா பூச்சி?" என்று வாங்கிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"தங்கமான மனசு," என்று ஆலோசகர் காகிதத்தை நீட்டினார்.

அம்மா எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு கேள்வி வருவதற்குள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஒரு கேள்விக்கான பதில் அடுத்த கேள்வி வந்த பிறகுதான் பாப்பாவின் வாயில் வரும் என்பது, நாள் பூரா அவளோடு கிடந்த அம்மாவுக்கு மட்டுமே தெரியும். மாட்டைக் கேட்கச் சொன்னதும் அதனால்தான்.