ராணி கட்டிய மாடி

கயிறு மறுபடியும் ஆடியது. பால்கனிக் கம்பியில் கட்டியிருந்த மணி குலுங்கியது.

சுனிதா கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். எட்டிப் பார்க்கவே வேண்டாம். அந்த இழுப்பு மஞ்சுளாவுடையது.

ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் லிஃப்ட் உள்ள பழைய கட்டடம் ஏது? கீழே வருகிறவர்கள் கயிற்றை இழுப்பார்கள். மேலே இருப்பவர்கள் அதன் கிளிப்பில் வாசல் சாவியை மாட்டி இறக்குவார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மஞ்சுளாவுக்கு அப்படித்தான் சாவி இறங்கியது.

இன்றைக்கு இறங்காது.

"சாவியப் போடுடி சுனிதா! அவுங்க காத்துக்கிட்டிருக்காங்க!"

காத்திருக்கட்டுமே. பிரான்சில் பழைய கட்டடக்கலை படிக்க, முழுச் செலவோடு ஒரே ஓர் இடம். இன்று மதியம் மஞ்சுளாவுக்கு நேர்காணல். தெருவில் கரண்ட் இல்லை. பேட்டரி இருப்பது சுனிதா வீட்டில். அதுதான் ஓடி வந்திருக்கிறாள், மகாராணி.

விண்ணப்பித்தது இரண்டு பேரும். அழைப்பு வந்தது ஒருத்திக்கு. அதுவும் எந்தக் கோட்டையைச் சொல்லி?

ஆற்றின் குறுக்கே கால் ஊன்றி நிற்கும் அந்தப் பிரெஞ்சுக் கோட்டையைத் தேடிப் படித்தவள் சுனிதா. ராஜா அதைக் காதலிக்குக் கொடுத்தான். அவள் அக்கரைக்குப் பாலம் போட்டாள். ராஜா செத்ததும் ராணி அவளை விரட்டிவிட்டு, அதே பாலத்தின் மேல் மாடி எழுப்பினாள். கறுப்பும் வெள்ளையுமாகத் தளம், இரண்டு பக்கமும் ஆற்றைப் பார்க்கும் சன்னல்கள். இதையெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே மஞ்சுளாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் சுனிதாதான். ராணி செய்தது சரி என்றுகூடச் சொன்னாள்.

பிரெஞ்சுக்காரனுக்கே பிரெஞ்சுக் கோட்டையா என்று, விண்ணப்பக் கட்டுரையில் சுனிதா ரங்கூன் கட்டடங்களை எழுதினாள். மஞ்சுளா கொஞ்சமும் கூச்சமில்லாமல் கோட்டையை எழுதினாள். ஒரு வாக்கியத்தை உருப்படியாக முடிக்கத் தெரியாதவள்.

போன வாரமே அவள் எண்ணை பிளாக் செய்தாயிற்று. இப்போது கயிற்றையும் அறுத்துவிடலாம் போலிருந்தது.

மணி நின்றது.

எதிர்க்கடை ஜெனரேட்டர் அணைந்த நேரத்தில் மஞ்சுளாவின் குரல் மேலே ஏறி வந்தது. போனில், அந்தத் தத்துப்பித்துப் பிரெஞ்சில்.

"இதுதான் சார் அவள் வீடு. இவ்வளவு நேரம் உங்களிடம் நான் சொன்னதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது. அவளிடமும் ஒரு தடவை பேசுங்கள், அதற்குத்தான் ஓடி வந்தேன். ஐந்தாம் மாடி. கொஞ்சம் பொறுங்கள்."

கயிறு மெதுவாக ஒரு முறை இழுபட்டது.

சுனிதா பால்கனிப் பக்கம் ஓர் அடி வைத்து நின்றாள். இப்போது எட்டிப் பார்த்தால், இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

"இல்லை சார்," என்றாள் மஞ்சுளா. "வீட்டில் இல்லை போலிருக்கிறது."